லாரிச் சத்தத்துக்கு எந்த ஜன்னல்?

கேள்வி: பல்லடத்தில், கோவை–திருச்சி சாலையிலிருந்து ஐம்பதடி தள்ளி எங்கள் வீடு. பின்னால் விசைத்தறிக் கூடம். தறிச் சத்தம் பழகிப்போச்சுங்க. ராத்திரி லாரிச் சத்தம்தான் மாமனாரைத் தூங்க விடுவதில்லை. அவர் படுக்கும் முன்னறையில் இருபது வருடப் பழைய மர ஜன்னல்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்துவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்ட யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் சத்தமே வராது என்கிறார் கடைக்காரர். வைக்கலாமா?

பதில்: ஸ்லைடிங் வேண்டாம். பழைய ஜன்னலைப் பெயர்க்கவும் வேண்டாம். அதே பணத்தில், பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே, உங்கள் மாமனார் நிம்மதியாகத் தூங்க வழி இருக்கிறது.

முதலில், சத்தம் நுழைவது எங்கே என்று பார்ப்போம். ஒன்பது இன்ச் செங்கல் சுவர் பூச்சோடு சேர்த்து ஏறக்குறைய 50 டெசிபல் சத்தத்தைத் தடுக்கும். காங்கிரீட் கூரையும் அப்படித்தான். மிச்சம் ஜன்னல். நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்றில், சுற்றிலும் வெறும் 3 மில்லிமீட்டர் இடுக்கு இருப்பதாக வையுங்கள். கணக்குப் போட்டால் ஜன்னல் பரப்பில் அது நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி இடத்தில் எவ்வளவு கனமான கண்ணாடி போட்டாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. காற்று புகும் இடத்தில் எல்லாம் சத்தமும் புகும். அதனால் கண்ணாடியைப் பற்றி யோசிக்கும் முன் இடுக்கைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்லைடிங் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். ஓடும் கதவு ஓட வேண்டுமானால் அதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் பிரஷ் மாதிரி ஒரு நார்ப்பட்டைதான் வைப்பார்கள். தூசிக்கு அது போதும், சத்தத்துக்குப் போதாது. கதவு போலத் திறந்து மூடும் ஜன்னல் அப்படியல்ல. மூடும்போது ரப்பர் பட்டையின் மேல் அழுந்தி உட்காரும். மேலும் கீழும் நடுவிலுமாக இரண்டு மூன்று இடத்தில் பூட்டுகிற கைப்பிடி இருந்தால் இன்னும் இறுக்கமாகும். கடையில் ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த ஜன்னல் வேண்டாம்.

அடுத்தது கண்ணாடி. லாரியில் இரண்டு விதமான சத்தம் இருக்கிறது. ஹாரனும் டயரின் இரைச்சலும் மேல் சுருதி. எஞ்சின் உறுமலும் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது வரும் அதிர்வும் கீழ் சுருதி. மேல் சுருதியைத் தடுப்பது சுலபம். ஆளை எழுப்பி உட்கார வைப்பது கீழ் சுருதிதான், அதைத் தடுப்பதுதான் கஷ்டம்.

கடைக்காரர் சொல்லும் இரட்டைக் கண்ணாடி அநேகமாக 6 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 மில்லிமீட்டர் இடைவெளி, மறுபடி 6 மில்லிமீட்டர் கண்ணாடி என்ற வகையாக இருக்கும். வெப்பத்துக்கு அது நல்ல பொருள். சத்தத்தில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. நடுவில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல வேலை செய்து, 200 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 200 அதிர்வு என்ற அளவுக்கு அருகே, இரண்டு கண்ணாடிகளையும் சேர்த்து ஆட வைக்கிறது. டீசல் எஞ்சின் உறுமல் பரவியிருக்கும் பகுதிக்குள்தான் அந்த 200 வருகிறது. அந்த இடத்தில் இரட்டைக் கண்ணாடி, அதே எடையுள்ள ஒற்றைக் கண்ணாடியைவிடவும் மோசமாகப் போகலாம். அதே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர், அதாவது நாலு இன்ச் இடைவெளி விட்டால் அந்த ஆட்டம் 70 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். உறுமலில் பெரும் பகுதி தடுப்புக்குள் வந்துவிடும்.

உங்கள் ஒன்பது இன்ச் சுவரில் அந்த நாலு இன்ச் இடம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய ஜன்னல் அப்படியே இருக்கட்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும், அதற்கு உள்ளே கம்பி, அதுதானே நம் ஊர் வழக்கம்? கம்பிக்கு உள்பக்கம், சுவர் அறையோடு சேரும் விளிம்பில், உட்புறமாகத் திறக்கும் இரண்டாவது ஜன்னல் ஒன்றை வையுங்கள். யுபிவிசி என்றால் உள்ளே இரும்புச் சட்டம் செருகியது வேண்டும், இல்லாவிட்டால் கனமான கண்ணாடிக்கு நாளடைவில் தொங்கிவிடும். கண்ணாடி லேமினேட்டட் வகை, 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியது அது, கார் முன்கண்ணாடி இந்த வகைதான். அந்தப் படலம் கண்ணாடியின் அதிர்வை விழுங்கிவிடும். பழைய ஜன்னலின் கண்ணாடி இதே கனத்தில் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே கனமாக இருந்தால் ஒரே சுருதியில் இரண்டுமே கோட்டைவிடும். அங்கே 5 அல்லது 6 இருந்தால் நல்லது. மரம் உளுக்காமல் இருந்தால் தச்சரை அழைத்து, கதவுகளைச் சரியாக உட்கார வைத்து, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே ஆர்கான் வாயு நிரப்பித் தருகிறோம் என்பார்கள். அது வெப்பத்துக்கு, சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது.

ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கிறதா? இருந்தால் அதையும் கண்ணாடியோ பலகையோ வைத்து அடைத்தாக வேண்டும். கீழே செலவழித்துவிட்டு மேலே திறந்து விட்டவர்கள் நிறையப் பேர். ஏசி குழாய் போகும் ஓட்டை, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெடிப்பு, இவற்றையும் பாருங்கள். புதுச் சட்டத்தைப் பொருத்தும்போது நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். நுரை லேசானது. இடைவெளியைக் கலவையால் நிரப்பி, உள்ளும் வெளியும் சிலிகான் இழுக்க வேண்டும்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது, கனத்த திரை போடுவது, இவை அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும்.

சரி, இவ்வளவு இறுக்கினால் காற்று? பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தான் உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அதை முழுக்க அடைத்துவிட்டு வயதானவரைப் படுக்க வைப்பது சரியில்லை. சாலையைப் பார்க்காத பக்கச் சுவரில், முடிந்தால் மேற்கில், ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அங்கே சாலைச் சத்தம் குறைவாகத்தான் வரும். அப்படி ஒரு சுவர் இல்லையென்றால், உள்ளே ராக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு போன்ற, கல்லை உருக்கி இழைத்த பஞ்சை ஒட்டி, வளைந்து வளைந்து காற்று வரும்படி பலகைப் பெட்டி ஒன்று செய்து சுவரில் பதிக்கலாம்.

தறியை நீங்கள் பொறுத்துக்கொண்டாலும், லாரிச் சத்தம் அடங்கிய பிறகு அது மேலெழுந்து கேட்கக்கூடும். ராத்திரி சுவரிலும் தரையிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் அது மண் வழியாக வருகிறது, எந்த ஜன்னலும் அதை நிறுத்தாது. கூடத்துக்காரரிடம் பேசி, தறிகளுக்கு அடியில் ரப்பர் பேட் வைக்கச் சொல்லலாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் குறைந்தது போலத் தெரியும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் அது நடப்பதில்லை. நான் சொன்னபடி செய்தால் ஹாரன் தூரத்தில் கேட்பது போல ஆகும், உறுமல் நன்றாக மட்டுப்படும். முழு அமைதி வராது.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. ஒரு ராத்திரி இரண்டு ஜன்னல்களையும் மூடி, உள்பக்கம் கனத்த ப்ளைவுட்டை அழுத்தி வைத்து, விளிம்பெல்லாம் துணி அடையுங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் ஜன்னல்தான் வழி என்று உறுதியாகும். குறையவில்லை என்றால் கதவையும் வென்டிலேட்டரையும் தேட வேண்டும். அப்புறம், கையில் காசு குறைவாக இருக்கிறது என்று இரண்டில் ஒரு ஜன்னலை மட்டும் மாற்ற வேண்டாம். அதில் 3 டெசிபல் குறைந்தால் அதிகம், மாமனாருக்கு வித்தியாசமே தெரியாது. பணம் சேரும்வரை காத்திருந்து இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். அதுவரை பழைய ஜன்னல்களில் ரப்பர் பட்டை ஒட்டும் வேலையை முடித்துவிடலாம்.