அறை அப்புறம், முதலில் ட்யூப்லைட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் உள்ளது. மாலையில் கூடத்தில் விளக்கைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுகிறான். வீட்டில் 'சென்சரி ரூம்' (ஒளி, ஒலி, தொடுதலைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைத்த தனி அறை) அமைத்தால் சரியாகும் என்று ஓர் ஆலோசகர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். "விளக்கைப் போட்டதும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! கூடத்தில் இருப்பது பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டா? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மினுங்கும். கூடவே ஒரு ரீங்காரம். நமக்கு உறைக்காது, சில பிள்ளைகளால் தாங்க முடியாது. மலிவான எல்.இ.டி.யும் மினுங்கலாம். செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் பாருங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு வாரம் அதை அணைத்துவிட்டு, மினுங்காத மேசை விளக்கோடு இருந்து பாருங்கள். கூடம் எதிரொலித்தால் கனமான திரையும் தரைவிரிப்பும் போதும்.

கட்டிலடி அவனே தேர்ந்தெடுத்த அறை. இழுத்து வெளியே விடாதீர்கள், ஒரு தலையணை போட்டுக் கொடுங்கள். பேசாத பிள்ளை என்றாலும் அவனைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். எந்த விளக்கை அணைக்க என்று கேட்டால் கை காட்டக்கூடும்.

அந்த ஆலோசகர் உங்கள் மகனை ஒருமுறையாவது பார்த்தாரா? பிள்ளையைப் பார்க்காமல் விலைப்பட்டியல் நீட்டுபவர் வியாபாரி. சாமான் வாங்கும் கடையில் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் 'ஆட்டிச நிறம்' என்று எதுவும் கிடையாது. ஒரு வீட்டில் இப்படி அமைத்த அறையில் குமிழ் விளக்குத் தூண் (தண்ணீரில் குமிழி எழும்பும் ஒளிக்குழாய்) வைத்தார்கள். அதன் மோட்டார் சத்தத்துக்குப் பயந்து அந்த வீட்டுப் பெண் பிள்ளை அறைப் பக்கமே போகவில்லை; இப்போது அங்கே துவைத்த துணி குவிந்து கிடக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எல்லாப் பிள்ளையும் அமைதியைத் தேடுவதில்லை. கதவை ஓயாமல் அறைந்து சாத்தும் பிள்ளைக்கு அமைதி அறை தண்டனைதான். தான் எழுப்பும் சத்தம் பிடிக்கும், பிறர் எழுப்பும் சத்தம் பிடிக்காது என்கிற பிள்ளைகளும் உண்டு. காலையில் தேடியதை மாலையில் களைத்துப்போய் வெறுப்பதும் உண்டு. உங்கள் மகன் எந்த வகை என்று தெரியாமல் சுவரில் பஞ்சு ஒட்டாதீர்கள்.

கட்டட விதிகளைக் கேட்டால் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் சரிவை அளந்து சொல்வார்கள், மினுங்கும் விளக்கைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பிரிட்டனில் 2022-ல் பி.ஏ.எஸ். 6463 என்று ஒன்று வந்தது; ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கும் ஏற்றபடி கட்டடங்களை வடிவமைப்பது பற்றியது. வெளிச்சம், ஒலி, ஒதுங்கிடம் எல்லாம் அதில் இருக்கிறது. இருந்து என்ன, அதுவும் சட்டமில்லை, வழிகாட்டிதான்.

காதில் வலியோ சீழோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விளக்கை மாற்றியும் ஒளிந்தால், எத்தனை மணிக்கு, அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று 2 வாரம் குறித்து எனக்கு அனுப்புங்கள்.