மலையிலிருந்து இறங்கும் கரடிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த செப்டம்பரில் குடும்பத்துடன் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். ஹேடன் பள்ளத்தாக்கில் சாலையோரம் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. இறங்கிப் பார்த்தால் ஒரு தாய் கிரிஸ்லி கரடியும் இரண்டு குட்டிகளும் புல்வெளியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. முப்பது மீட்டர் தூரம் வரை நெருங்கிச் சென்று படம் எடுத்தோம். என் மகள் அன்று முழுவதும் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

ஊர் திரும்பியபின் நிறைய வாசித்தேன். 1975-இல் அந்த வட்டாரத்தில் 136 ஆக இருந்த கரடிகள் இன்று ஏறத்தாழ ஆயிரம். என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் வயோமிங் மாநிலத்து மாட்டுப் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். “கரடி மீண்டுவிட்டது, சட்டப் பாதுகாப்பை விலக்கி மாநிலங்களிடம் விட்டுவிட வேண்டியதுதானே? நீங்கள் விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறீர்கள், நாங்கள் அதனோடு வாழ்கிறோம்” என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. காடு மாறுகிறது என்கிறார்கள். ஆனால் கரடி எதையும் தின்னும் விலங்கு, எப்படியும் பழகிக்கொள்ளும் அல்லவா? நம் ஊரில் யானைகள் ரயிலில் அடிபட்டுச் சாகும்போது அமெரிக்கக் கரடிக்காகக் கவலைப்படுவது சரிதானா என்ற உறுத்தலும் இருக்கிறது. ஏதாவது அமைப்புக்குப் பணம் அனுப்பலாமா?

ர.
சியாட்டில்

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது, கிரிஸ்லி கரடி வழக்கில் அமெரிக்காவின் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பதில் நீங்கள் கேட்டதைவிட நீளமாக இருக்கும்.

முதலில் அந்த முப்பது மீட்டர். பூங்காவின் விதி 100 கெஜம், அதாவது 91 மீட்டர். குட்டிகளுடன் இருக்கும் தாய்க் கரடியை அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அதுவும் உங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு நெருங்கியிருக்கிறீர்கள். அந்தக் கரடி உங்கள்மேல் பாய்ந்திருந்தால் உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை விடுங்கள், அதற்கு என்ன ஆகியிருக்கும்? மனிதரைத் தாக்கிய கரடியைச் சுட்டுக் கொல்வதா என்று அதிகாரிகள் கூடி முடிவெடுப்பார்கள், தாயில்லாத குட்டிகளை ஏதாவது விலங்குக்காட்சி சாலைக்கு அனுப்ப முடியுமா என்று விசாரிப்பார்கள். தாக்காமல் இருந்ததனால் நன்மை விளைந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். மனிதர் அருகில் வந்தால் ஒன்றும் நேராது என்று அந்தக் குட்டிகள் அன்று கற்றுக்கொண்டன. வேட்டைக்காரனும் வேகமாக வரும் வண்டியும் உள்ள உலகில் அவற்றுக்கு நீங்கள் அளித்த பாடம் அது. உங்கள் மகளின் மகிழ்ச்சி உண்மையானது என்பதை நான் அறிவேன். அந்த மகிழ்ச்சியை ஒரு நல்ல தொலைநோக்கி 91 மீட்டருக்கு அப்பாலிருந்தே அளித்திருக்கும்.

யானையா கரடியா என்ற கேள்வியை ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் சியாட்டிலில் வரி கட்டி, அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டி வாழ்கிறீர்கள். அந்த நிலத்தின் உயிர்களைப் பற்றிக் கவலைப்பட உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இனி என்னை உண்மையிலேயே தொந்தரவு செய்த வரிக்கு வருகிறேன். ‘கரடி எதையும் தின்னும், எப்படியும் பழகிக்கொள்ளும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தின் முதல் பாதி முற்றிலும் சரி. யெல்லோஸ்டோன் கரடிகள் இருநூற்றுக்கும் மேற்பட்ட வகை உணவுகளைத் தின்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிழை இரண்டாம் பாதியில் இருக்கிறது. பழகிக்கொள்வது என்றால் எங்கே போய், யாருடைய இடத்தில், எத்தனை உயிர்களைக் கொடுத்துப் பழகிக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ‘மீண்டுவிட்டது’ என்று சொல்லும் உங்கள் நண்பரும் கேட்கவில்லை.

வெண்பட்டை பைன் என்றொரு மரம் உண்டு. மலையுச்சியை ஒட்டி, வேறு மரங்கள் வளரத் தயங்கும் குளிரிலும் காற்றிலும் நிற்பது. அதன் விதையில் பாதிக்கும் மேல் கொழுப்பு. அதன் கூம்புக்காய் தானாகத் திறப்பதில்லை. கிளார்க்கின் நட்கிராக்கர் என்னும் காக்கைக் குடும்பத்துப் பறவை அதைக் கொத்தித் திறந்து, விதைகளை மண்ணில் ஆயிரக்கணக்கில் புதைத்து வைக்கிறது, மறந்துபோனவை முளைக்கின்றன. சிவப்பு அணில்களோ காய்களைக் கடித்துத் தள்ளி, குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோல மரத்தடியில் குவித்துச் சேமிக்கின்றன. இலையுதிர்காலத்தில் கிரிஸ்லி மலையேறிச் சென்று அந்தக் குவியலைத் தோண்டித் தின்கிறது. அந்த மாதங்களில் கரடிக்கு ஒரு நாளைக்கு இருபதாயிரம் கலோரி வரை வேண்டியிருக்கிறது. அது வெறும் பசி அன்று. பெண் கரடி கோடையின் தொடக்கத்தில் இணைசேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை, நவம்பர் வரை காத்திருக்கிறது. உடலில் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்திருந்தால் மட்டுமே பதிகிறது. அணில் சேர்த்த விதைகள் ஜனவரியில் குகைக்குள் பிறக்கும் குட்டிகளாகின்றன என்றே சொல்லலாம்.

இப்போது அந்த மரம் சாகிறது. 1910-ஆம் ஆண்டு வாக்கில் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வெளியிலிருந்து வந்துசேர்ந்த துருநோய் என்னும் பூஞ்சை நோய் ஒருபக்கம் அரிக்கிறது. மறுபக்கம் பைன் பட்டை வண்டு. அந்த வண்டு அங்கே பழையகுடிதான். ஆனால் உச்சியின் கடுங்குளிர் அதன் புழுக்களைக் கொன்றுவந்தது. மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் குளிர் நாட்கணக்கில் நீடித்த காலம் போய், குளிர்காலங்கள் மெலிந்தபின், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வண்டு மேலேறி யெல்லோஸ்டோன் வட்டாரத்தின் முதிர்ந்த வெண்பட்டை பைன்களில் பெரும்பகுதியை அழித்தது. 2022 டிசம்பரில் அந்த மரமே அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விதை விழுந்து முளைத்து முதல் காய் காய்க்க முப்பது ஆண்டுகள் ஆகலாம், நிறையக் காய்க்க அதனினும் இருமடங்கு காலம் பிடிக்கும்.

நான் ஒருமுறை யெல்லோஸ்டோனின் வாஷ்பர்ன் மலையில் ஏறியிருக்கிறேன். உங்களைப் போலவே கரடியைப் பார்க்கும் ஆசையோடுதான் போனேன். என்னை அழைத்துச் சென்ற நண்பர், வயதில் மூத்தவர், பல ஆண்டுகள் அம்மலைகளில் நடந்து பழகியவர், வழியெல்லாம் கரடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் மரங்களையே காட்டிக்கொண்டு வந்தார். பட்டை உரிந்து வெள்ளிச் சாம்பல் நிறத்தில் நின்ற மரங்கள், செந்நிற ஊசியிலைகளோடு அந்த ஆண்டோ முந்தைய ஆண்டோ செத்த மரங்கள், நடுவே ஒன்றிரண்டு பச்சை. ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையைப் பற்றிக்கொண்டு, ஐந்து ஊசிகள் ஒரு கொத்தாக இருப்பதை எண்ணிப் பார்க்கச் சொன்னார். வெண்பட்டை பைனை அப்படித்தான் அடையாளம் காண வேண்டுமாம். எங்கள் தலைக்கு மேல் ஒரு நட்கிராக்கர் கரகரத்த குரலில் கத்திக்கொண்டே மரம் மரமாகத் தாவியது. அன்று கரடி எதுவும் கண்ணில் படவில்லை. நான் ஏமாற்றத்தோடு கீழே வந்தபோது, “கரடியைப் பார்க்க வந்தவர்கள் யாரும் கரடியின் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை” என்று அவர் சற்றுக் கோபமாகவே சொன்னார். அந்தக் கோபம் எனக்கும் தொற்றிக்கொண்டது. உங்கள் கடிதத்தை வாசிக்கையில் அதுதான் மறுபடி எழுந்தது.

வெண்பட்டை பைன் நன்றாகக் காய்த்த ஆண்டுகளில் கரடிகள் உச்சியிலேயே தங்கிவிடும். காய்ப்புப் பொய்த்த ஆண்டுகளில் அவை கீழே, சாலைகளுக்கும் வேட்டை முகாம்களுக்கும் பண்ணைகளுக்கும் அருகே இறங்கும். அந்த ஆண்டுகளில் மனிதரால் சாகும் கரடிகளின் எண்ணிக்கை கூடுகிறது என்று 1990-களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நீங்கள் பார்த்த தாய் செப்டம்பரில் சாலையோரப் புல்வெளியில் வேரோ எலியோ தோண்டிக்கொண்டிருந்தது என்கிறீர்கள். செப்டம்பர், விதைக்காக மலையேறும் மாதம்.

மரம் மட்டும் போகவில்லை. யெல்லோஸ்டோன் ஏரியின் கட்த்ரோட் ட்ரவுட் மீன்கள் இனப்பெருக்கத்துக்காக ஆழமற்ற ஓடைகளில் ஏறிவரும், கரடிகள் அங்கே நின்று பிடித்துத் தின்னும். 1994-இல் அந்த ஏரியில் லேக் ட்ரவுட் என்னும் அயல் மீன் கண்டுபிடிக்கப்பட்டது. யாரோ கொண்டுவந்து விட்டது. அது கட்த்ரோட்டைத் தின்று தீர்த்தது. அதுவோ ஏரியின் ஆழத்திலேயே வாழ்ந்து அங்கேயே முட்டையிடுகிறது. கரடியின் கைக்கு எட்டாத மீன். பூங்கா நிர்வாகம் இதுவரை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் ட்ரவுட்களை வலைபோட்டு அகற்றியிருக்கிறது, பழைய மீன் மெல்லத் திரும்புகிறது. இடைப்பட்ட காலத்தில் கரடிகள் எல்க் மான் கன்றுகளின் பக்கம் திரும்பின. ஆம், பழகிக்கொண்டன. இறைச்சியின் பக்கம் திரும்பிய கரடி, வேட்டைக்காரன் சுட்டுப்போட்ட மானின் மிச்சத்துக்கு வருகிறது, பண்ணையில் செத்துக் கிடக்கும் மாட்டுக்கு வருகிறது, பிறகு உயிருள்ள கன்றுக்கும் வருகிறது. உங்கள் நண்பரின் குடும்பம் காண்பது அந்தக் கரடியை. அவர்களுடைய நஷ்டம் நிஜம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பண்ணைக்குக் கரடி வருவதைக் கண்டு, கரடி பெருகிவிட்டது என்று மட்டுமே முடிவு செய்வது பாதிக் கணக்கு.

கரடி பழகிக்கொள்வதன் விலை என்ன என்று வரலாறே ஒருமுறை காட்டியிருக்கிறது. பல பத்தாண்டுகள் யெல்லோஸ்டோன் கரடிகள் விடுதிகளின் குப்பைமேடுகளில் தின்று வளர்ந்தன, சுற்றுலாப் பயணிகள் வரிசையாக அமர்ந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். பூங்கா நிர்வாகம் 1970-ஐ ஒட்டி அந்தக் குப்பைமேடுகளை விரைவாக மூடியது. அங்கே 1959 முதல் கரடிகளை ஆராய்ந்துவந்த ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள், மூடுவதானால் சிறுகச் சிறுக மூடுங்கள், திடீரென நிறுத்தினால் பசித்த கரடிகள் முகாம்களுக்கு வரும் என்று வாதிட்டார்கள். அப்படியே வந்தன. சுட்டுக் கொல்லப்பட்டன. நீங்கள் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டிருக்கும் 136 என்ற எண், அந்தச் சாவுகளுக்குப் பிறகு எஞ்சியது. மிஞ்சியவை பிற்காலத்தில் காட்டு உணவுக்குத் திரும்பின, உண்மைதான். ஆனால் அப்போது மலைமேல் பைன் விதை இருந்தது, ஓடைகளில் மீன் இருந்தது.

2007-இல் அரசு இந்தக் கரடிகளை அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. 2009-இல் மாவட்ட நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது எடுத்துக்கொண்ட காரணம் வெண்பட்டை பைன்தான். அம்மரம் அழிவதால் கரடிக்கு ஆபத்தில்லை என்று அரசு போதிய ஆதாரத்துடன் நிறுவவில்லை என்றது. கரடி வழக்கில் ஒரு மரம் சாட்சியாக நின்றது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு நெகிழ்ச்சி ஏற்படுகிறது. பிறகு அரசின் ஆய்வுக் குழு, கரடிகள் வேறு உணவுக்கு மாறிவிட்டன, உடல்நிலை குன்றவில்லை என்று அறிக்கை அளித்தது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். என் சண்டை அந்த அறிவியலோடு அன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘இனி கவலையில்லை’ என்பவர்களோடு. மாற்று உணவு இருக்கிறது. ஆனால் அது மனிதர்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. 2017-இல் மீண்டும் நீக்கினார்கள், 2018-இல் நீதிமன்றம் மீண்டும் சேர்த்தது. 2025 ஜனவரியில் மீன் மற்றும் வனவிலங்குப் பணித்துறை, பாதுகாப்பு தொடர வேண்டும் என்றது. அத்தோடு, யெல்லோஸ்டோன் கரடிகள் வடக்கே மொன்டானாவின் பனிப்பாறைப் (கிளேசியர்) பூங்காவைச் சுற்றியுள்ள கரடிகளோடு இன்னும் தானாகக் கலக்கவில்லை. 2024-இல் இரண்டு கரடிகளை வண்டியில் ஏற்றி அங்கிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே நீக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இப்போது கூடாது என்பதே.

399 என்ற எண்ணாலேயே உலகப் புகழ்பெற்ற தாய்க் கரடியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2020-இல் 24 வயதில் நான்கு குட்டிகளோடு குகையிலிருந்து வெளிவந்தவள். 2024 அக்டோபர் 22 அன்று ஜாக்ஸன் நகருக்குத் தெற்கே ஒரு வண்டியில் அடிபட்டு இறந்தாள். அவளுக்காக அழுதவர்களில் நானும் ஒருவன். அத்தனை பேருடைய அன்பும் ஒரு சாலையில் வேகத்தைக் குறைக்க உதவவில்லை. கனடாவின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு வேலியிட்டு, மேலே ஆறு பாலங்களும் கீழே 38 சுரங்கவழிகளும் கட்டியிருக்கிறார்கள், கிரிஸ்லிகள் அவற்றை நம்பிக் கடக்கச் சில ஆண்டுகள் ஆயின. மொன்டானாவில் பழங்குடியினரான சேலிஷ், கூட்டனை மக்கள், கரடிகள் உச்சியில் பூச்சிகளைத் தின்னும் கோடை மாதங்களில் மிஷன் மலைத்தொடரின் ஒரு பகுதியில் ஆள் நடமாட்டத்தையே 1982 முதல் தடை செய்திருக்கிறார்கள். இவ்வளவு தெளிவான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பணம் அனுப்புவதானால் அழகான கரடிப் படத்தோடு கையேந்தும் அமைப்பைத் தேடாதீர்கள். மொன்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணைக்காரர்களே சேர்ந்து, செத்த மாடுகளை வண்டி அனுப்பி எடுத்துச் செல்கிறார்கள், கன்று ஈனும் தொழுவங்களுக்கும் தேன்கூட்டுப் பெட்டிகளுக்கும் மின்வேலி போடுகிறார்கள், மந்தையைச் சுற்றிவர ஆள் வைத்திருக்கிறார்கள். கரடியால் வரும் சச்சரவு அங்கே பெருமளவு குறைந்தது. அப்படிப்பட்ட வேலிக்கும் வண்டிக்கும் போகட்டும் உங்கள் பணம். உங்கள் நண்பரோடு சட்டத்தைப் பற்றி வாதிட வேண்டாம். அவர் வீட்டுப் பண்ணையில் செத்த கன்றுகளை என்ன செய்கிறார்கள், மின்வேலி போட யாராவது செலவில் பங்கு தந்தார்களா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.