பதில்: கிளெப்சியெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் ஒரே எதிர்ப்பு எப்படி வந்தது?

வணக்கம். ஐ.சி.யு.வில் இருக்கும் அம்மாவுக்கு முதலில் சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிளெப்சியெல்லா, பிறகு மலத்தில் ஈ.கோலை, இரண்டு பாக்டீரியாக்களுமே மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை என்கிறீர்கள். "வேறு வேறு கிருமிக்கு ஒரே எதிர்ப்பா? முன்பு நாங்கள் கொடுத்த மாத்திரைதான் காரணமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த எதிர்ப்பு மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டும்போது ஒன்று அதன் நகலை மற்றதற்குக் கொடுத்துவிடும். இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கும். குடல் அதற்கு வசதியான இடம். அவ்வளவு நெரிசல் அங்கே.

2009-இல் இப்படிப்பட்ட எதிர்ப்பைத் தரும் என்.டி.எம்-1 என்ற மரபணுவை முதலில் விவரித்தபோதும் இதேதான். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவருக்குச் சிறுநீரில் கிளெப்சியெல்லா, மலத்தில் ஈ.கோலை, இரண்டிலும் அதே மரபணு. அம்மாவிடம் இருப்பதும் அதுதானா என்பதை மரபணுப் பரிசோதனைதான் சொல்லும், டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே பயணிக்கும். அதனால் ஒரு மருந்தைக் கொடுத்தாலும் மற்ற எதிர்ப்புகளும் கூடவே பிழைத்துக்கொள்ளும்.

மலத்தில் இருக்கும் ஈ.கோலை நோய் எதுவும் உண்டாக்காமல் குடலில் சும்மா குடியிருப்பதாகவும் இருக்கலாம். காய்ச்சலோ வேறு தொற்று அறிகுறியோ இல்லாவிட்டால் அதற்கென்று மருந்து தேவைப்படாமல் போகலாம். இதையும் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர் வடிய வைத்திருக்கும் குழாய் (கதீட்டர்) இருந்தால், அது இன்னும் தேவையா என்று தினமும் விசாரியுங்கள். அம்மாவைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்காகவும்.