இருமினால் சிறுநீர் கசிகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடவா?

வேண்டாம். நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதுபோல் 49 வயது, இரண்டு சுகப்பிரசவம், இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் சொட்டுகிறது என்றால் கோளாறு கர்ப்பப்பையில் இல்லை. அதற்குக் கீழே, இடுப்பின் முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை தூளி கட்டியதுபோல் இருக்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கின்றன. கர்ப்பப்பையை எடுப்பதால் அவை வலுப்பெறாது. சிலருக்கு அதன் பிறகு கசிவு கூடியும் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்ன உங்கள் அண்ணியின் யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

நான் கவலைப்படுவது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வேறொரு வரியைப் பற்றி. தீபாவளி சமயத்தில் இரண்டு தடவை, மாதவிலக்கு இல்லாத நாளில், வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. சூடு என்று நினைத்து மோர் குடித்தீர்கள், நின்றுவிட்டது. சூட்டினால் சிறுநீர் மஞ்சளாகும், எரியும், ரத்தம் வராது. வலி இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. வலியோடு வந்தால் பெரும்பாலும் கிருமித்தொற்று அல்லது கல். வலியில்லாமல் வரும்போதுதான் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். வந்துவிட்டுத் தானாக நிற்பதும், மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் அந்தக் கட்டிக்கு உரிய குணம்தான். பலருக்குப் பரிசோதனையில் ஆபத்தாக ஒன்றும் இருக்காது. இருக்கிற சிலருக்கு ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சிகிச்சை சுலபம். பெண்கள் விஷயத்தில் “பீரியட்ஸாக இருக்கும்”, “யூரின் இன்ஃபெக்‌ஷனாக இருக்கும்” என்று சொல்லியே நாளைக் கடத்திவிடுகிறார்கள். இந்த வாரமே ஒரு யூராலஜிஸ்டை, அதாவது சிறுநீரக வழி அறுவை நிபுணரை, பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், மெல்லிய கேமரா குழாயால் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி வரை சொன்னால் மறுக்காதீர்கள். ரத்தம் பிறப்புறுப்பு வழியாக வந்ததோ என்ற சந்தேகத்தை மகளிர் மருத்துவர் தீர்த்துவைப்பார்.

இனிக் கசிவு. பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுவதை ஓரிடத்திலும், நான்கு மாத வறட்டு இருமலை இன்னோரிடத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையே இருமலைக் கொண்டுவரக்கூடியது. நீங்களாக நிறுத்தாமல், மாற்றித் தர முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சாலிஃபெனாசினை விட்டுவிடுங்கள். அது, திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிந்துவிடுகிறவர்களுக்கான மருந்து. உங்களுக்கு அதனால் மிஞ்சுவது மலச்சிக்கல்தான். முக்க முக்க அதே தசை இன்னும் தளரும். கசிவால் கிட்னி கெடாது. தண்ணீரையும் குறைக்காதீர்கள்.

இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பத்து நாள் செய்தும் பலனில்லை என்கிறீர்கள். பத்து நாளில் எந்தத் தசையும் வலுப்பெறாது. அதோடு, வீடியோவில் சொன்னபடி சிறுநீரைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். சபையில் வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அதே இழுப்புதான் வேண்டும். ஆசனவாயும் பிறப்புறுப்பும் உள்ளே, மேல்நோக்கி ஏறுவது தெரியும். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். வயிறோ தொடையோ பிட்டமோ இறுகினால், மூச்சு நின்றால், தவறான இடத்தை இழுக்கிறீர்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுக்கத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். தும்மல் வருவது தெரிந்தவுடன், அது வருவதற்கு முன்பே ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள். இதன் பலன் சீக்கிரமே தெரியும். தசை பிடிபடவில்லை என்றால் இதில் பயிற்சியுள்ள பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். இத்தனைக்குப் பிறகும் தொந்தரவு குறையாவிட்டால், சிறுநீர் வழிக்குத் தாங்கல் வைக்கும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்கும் கர்ப்பப்பையைத் தொட வேண்டியதில்லை.

யூராலஜிஸ்டிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கசிவைச் சொல்வதற்கு முன் சிவப்பாகப் போனதைச் சொல்லுங்கள். “இப்போதுதான் வரவில்லையே, பிறகு பார்க்கலாம்” என்று யாராவது அனுப்பப் பார்த்தால், பரிசோதனைக்கு எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.