கல்வித் தொழில்நுட்பமா, என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சரா? மேற்படிப்புக் கேள்விகளும் என் பதில்களும்

கல்வித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, சில வருடம் இணையப் பாடங்கள் வடிவமைத்துவிட்டு, அப்புறம் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் பக்கம், அதாவது ஒரு நிறுவனத்தின் வேலைகள், தகவல்கள், மென்பொருள்கள் எல்லாம் எப்படி இணைந்து இயங்க வேண்டும் என்று திட்டமிடும் துறைக்கு வந்தவள் நான். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் ஆசிரியர், கோடிங் தெரியாது. கல்வித் தொழில்நுட்பத்தில் சேரலாமா அக்கா?

தாராளமாகச் சேரலாம். இந்தப் படிப்பின் முதுகெலும்பு கணினி இல்லை, மனிதர் எப்படிக் கற்கிறார் என்பதுதான். 1983இல் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பினார். மளிகைச் சாமான் ஏற்றி வரும் லாரியால் யார் உடம்பிலும் சத்து ஏறுவதில்லை, அதேபோலப் பாடத்தைச் சுமந்து வரும் ஊடகத்தால் மட்டும் கற்றல் கூடுவதில்லை என்றார். இன்னோர் ஆய்வாளர் ராபர்ட் கோஸ்மா அதை மறுத்தார்; ஊடகத்தையும் கற்பிக்கும் முறையையும் அப்படிப் பிரித்துவிட முடியாது என்பது அவர் வாதம். இருவரையும் கட்டாயம் படியுங்கள். அதற்குப் பிறகு 'டேப்லெட் கொடுத்தோம், மதிப்பெண் ஏறியது' என்று ஓர் அறிக்கை வந்தால், ஏறியது டேப்லெட்டாலா, கூடவே மாறிய பாடமுறையாலா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். வகுப்பில் நின்றவருக்கு இது சட்டென்று பிடிபடும், அந்த அனுபவத்தைக் குறைவாக நினைக்காதீர்கள்.

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்பது சர்வர், நெட்வொர்க் படம் வரைவதுதானே?

இல்லை. ஒரு மாணவி பருவத்தின் நடுவில் ஒரு பாடத்தை விட்டுவிடுகிறாள் என்று வையுங்கள். பதிவு அலுவலகத்தின் மென்பொருளுக்கு அது உடனே தெரியும். பாடங்களை இணையத்தில் நடத்தும் மென்பொருளான எல்எம்எஸ்ஸுக்கோ இரவில் போகும் கோப்பு வழியாகத்தான் தெரியும், அந்தக் கோப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் இருந்து, விலகியவர்கள் விடுபட்டால் அவள் பெயர் அங்கேயே கிடக்கும். வாராவாரம் 'நீங்கள் ஒப்படைப்பு அனுப்பவில்லை' என்று மின்னஞ்சல் போகும், ஆசிரியரின் திரையில் 'பின்தங்கிய மாணவர்' பட்டியலில் ஏறுவாள், கட்டணப் பிரிவு இன்னொரு கணக்குச் சொல்லும். மூன்றில் எது உண்மை? அந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு, மாறினால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுக்காதவரை எந்தச் சர்வரும் இதற்குப் பதில் சொல்லாது. நிறுவனக் கட்டமைப்பை விவரிக்க ஜான் ஸாக்மன் 1987இல் வெளியிட்ட சட்டகம் 1992இல் விரிவானபோது என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்று ஆறு கேள்விகளாக நின்றது. அதில் 'ஏன்', 'யார்' இரண்டுக்கும் பதில் வாங்குவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டம்.

டோகாஃப் சான்றிதழ் இருந்தால் போதாதா, பட்டம் எதற்கு?

டோகாஃப் என்பது என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் செய்வதற்கான வழிமுறைத் தொகுப்பு, இந்தத் துறைக்கு ஒரு பொது மொழி. 1995இல் வந்தது, பத்தாம் பதிப்பு 2022இல் வெளியானது. கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவது புரிய அது போதும். ஆனால் எந்த நிறுவனத்தில் அதில் எவ்வளவு எடுக்கலாம், எதை விடலாம் என்ற நிதானம், நாலு நிஜப் பிரச்சினையை எடுத்து எழுதி, ஆசிரியரிடம் திட்டு வாங்கித் திருத்தினால்தான் வரும். ஏற்கெனவே வேலையில் அது கிடைக்கிறதென்றால் சான்றிதழே போதும்.

ஸ்கார்ம் எல்லாம் பழசாகிவிட்டதே, அதையும் படிக்கணுமா?

படிக்கணும். ஒரே இணையப் பாடத்தை வெவ்வேறு எல்எம்எஸ்களில் ஓடவைக்கும் தரம்தான் ஸ்கார்ம். அதன் 1.2 பதிப்பு வெளியானது 2001இல், இன்னும் அதில் ஓடும் பாடங்கள் ஏராளம். ஒரு முறை எங்கள் நீண்ட பாடம் ஒன்றைப் பாதியில் மூடித் திறந்தவர்கள் எல்லாம் பழைய இடத்துக்கே தள்ளப்பட்டார்கள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது: விட்ட இடத்தைக் குறித்துவைக்க அந்தத் தரம் தருவது 4096 எழுத்துகள்தான், எங்கள் பாடம் அதைத் தாண்டிவிட்டது. பாடத்தை இரண்டாகப் பிரித்தோம், சரியானது. கற்பவர் செய்வதைப் பதிவுசெய்யும் இன்னொரு தரமான, 2013இல் முதல் பதிப்பு வந்த எக்ஸ்ஏபிஐ வேறு மாதிரி. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் போல 'இன்னார் இதைச் செய்தார்' என்று பதிகிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரியும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

முடியும். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், அதிகபட்சம் இரண்டு.

ஆய்வேட்டுக்கு 'செயற்கை நுண்ணறிவும் கல்வியின் எதிர்காலமும்' என்று யோசிக்கிறேன். சரிவருமா?

தயவுசெய்து வேண்டாம், அது பத்துப் பேர் பத்து வருடம் செய்ய வேண்டியது. உங்கள் கைக்கு எட்டும் ஒரு சின்ன இடத்தைப் பிடியுங்கள். மாணவர் சேர்க்கையிலிருந்து முதல் வகுப்புக்குள் நுழையும் வரை அவருடைய தகவல் எத்தனை மென்பொருளைத் தொடுகிறது, எங்கே யாரோ ஒருவர் எக்செல்லில் கையால் நகலெடுக்கிறார் என்று மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அந்த எக்செல்லைப் பராமரிப்பவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். நிறுவனத்தின் உண்மையான கட்டமைப்பு பாதி அவர் தலைக்குள்தான் இருக்கும்.

இரண்டில் எதை முதலில் படிக்கலாம் அக்கா?

கற்றலை முதலில். கற்பவரைத் தெரியாமல் கட்டமைப்பு வரைகிறவர், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார். மாறாக, நீங்கள் ஏற்கெனவே பத்து வருடம் ஐடியில் இருப்பவர் என்றால் இன்னொரு பட்டம் வேண்டாம், பாட வடிவமைப்பில் ஒரே ஒரு தாள் எடுத்து, ஒரு பாடத்தை நீங்களே உருவாக்கி, ஐந்து பேருக்கு நடத்திப் பாருங்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வந்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள், அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.