கேள்வி – பதில்: போரைக் கடந்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்பித்தல்

புலம்பெயர்ந்து வந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகள் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்ததால், அவற்றை இந்த இதழில் சேர்த்துப் பதிலளிக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் மாலைநேர ஆங்கில வகுப்பொன்றில் கற்பிக்கிறேன். மியான்மரிலிருந்து வந்த கரேன் மக்கள், சோமாலியர், ஆப்கானியர், பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்ட நேபாளி மொழியினர் எனப் பலரும் படிக்கிறார்கள். பாடநூலில் ‘என் வாழ்வில் மறக்க முடியாத ஒரு நாள்’ என்ற கட்டுரைத் தலைப்பு வந்தபோது ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். மற்றொருவர் நேரம் முடிந்த பிறகும் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருந்தார். போர், அடக்குமுறை போன்றவற்றை வகுப்பிலிருந்து முற்றிலும் விலக்கிவிடுவது நல்லதா?

பதில்: விலக்க வேண்டாம், விலக்கவும் முடியாது. ‘குடும்பம்’ என்ற முதல் பாடத்திலேயே, ‘உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்?’ என்ற கேள்விக்கு நிகழ்காலத்தில் விடை சொல்வதா, இறந்தகாலத்தில் சொல்வதா என்று தயங்கி நிற்பவர்கள் இத்தகைய வகுப்புகளில் இருக்கிறார்கள். மாற்ற வேண்டியது வரிசையைத்தான். ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்களைக் கோவையாக எழுதிப் பழகாத ஒருவரிடம், அவர் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான பொருளை முதல் கட்டுரையாகக் கேட்பது மொழிப் பாடமாகவும் தவறு, மனிதரை நடத்தும் முறையாகவும் தவறு. முதலில் அவர்கள் பிறருடைய வரலாற்றைப் படித்து அதைப் பற்றி எழுதட்டும். சொற்களும் வாக்கிய அமைப்புகளும் வசப்பட்ட பிறகு, தம்முடையதை எழுதுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஒருவருடைய துயரத்தை வீட்டுப்பாடமாகக் கேட்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எந்த வரலாற்றிலிருந்து தொடங்கலாம் என்றால், இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்தபோது யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் எழுதிய நாட்குறிப்பையே முதலில் சொல்வேன். எல்லோரும் சொல்லும் பெயர்தான் என்றாலும், நான் அதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. 1929இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்த ஆன், நாஜிகள் ஆட்சியைப் பிடித்த பின், 1934இன் தொடக்கத்தில், நான்கு வயதுச் சிறுமியாக ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தவள். பெற்றோரின் மொழி ஜெர்மன். அவள் பள்ளியில் கற்றது டச்சு. அந்த நாட்குறிப்பை அவள் எழுதியது தஞ்சம் புகுந்த நாட்டின் மொழியில்தான். ஆங்கிலம் தங்களுக்கு ஒருபோதும் எழுத்து மொழியாகாது என்று நினைக்கும் மாணவர்கள் இந்தச் செய்தியை முதல் நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

1940 மே மாதத்தில் ஜெர்மனி நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது, யூதர்மீதான அடக்குமுறை ஒரே நாளில் முழுமையாக வந்துவிடவில்லை. முதலில் கட்டாயப் பதிவு வந்தது. 1941இல் யூதக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்றார்கள். 1942 மே மாதம் முதல் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக்கூடாது, இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே நடமாடக்கூடாது என்று ஆணைகள் தொடர்ந்தன. இவற்றைக் கரும்பலகையில் ஆண்டு வரிசைப்படி எழுதி, கட்டாயத்தையும் தடையையும் குறிக்கும் ஆங்கில வாக்கிய அமைப்புகளை இந்த ஆணைகளைக் கொண்டே கற்பியுங்கள். பெரும்பாலும் நீங்கள் கேட்காமலே யாராவது ஒருவர் பேசத் தொடங்குவார். பூட்டானில் 1985ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1958ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் வசித்ததற்குச் சான்று காட்டும்படி மக்கள் கேட்கப்பட்டதையும், 1989இல் பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டதையும் அந்த மாணவர்கள் அறிவார்கள். 2021 செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக் கதவு மூடப்பட்டதை ஆப்கானிய மாணவி அறிவாள். ஆயுதங்களுக்கு வெகு முன்பே படிவங்களும் சுற்றறிக்கைகளும் வந்து சேர்கின்றன என்பதை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கான வாக்கியங்களைக் கொடுத்தால் போதும்.

இந்த நாட்குறிப்பின் இன்னொரு பக்கத்தைப் பல ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து செயல்பட்ட டச்சு அரசின் அமைச்சர் ஒருவர், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மக்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று வானொலியில் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்ட ஆன், தான் எழுதியிருந்ததை அந்த மே மாதத்திலிருந்து தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். சில பகுதிகளை நீக்கினாள், சிலவற்றை விரித்தாள், உடன் மறைந்திருந்தவர்களுக்குப் புனைபெயர்கள் வைத்தாள். ஆகஸ்ட் 4 அன்று அனைவரும் கைது செய்யப்படும் வரை அந்த வேலை நடந்தது. எதைச் சொல்வது, எதை விடுவது, யாருடைய பெயரை மறைப்பது என்பதையெல்லாம் எழுதுபவரே தீர்மானிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது.

இதன் பிறகு எழுதச் சொல்லும்போது ஒரே தலைப்பைத் தராதீர்கள். ஆன் ஃபிராங்குக்கு ஒரு கடிதம், தாம் படித்த ஆணைகளைப் பற்றிய விளக்கக் கட்டுரை, தம் ஊரில் போருக்கு முன்பிருந்த ஒரு கடைத்தெருவின் வருணனை, அல்லது தாம் தேர்ந்துகொள்ளும் ஒரு நிகழ்ச்சி என நான்கு வாசல்களைத் திறந்து வையுங்கள். நான்குக்கும் ஒரே மதிப்பெண் இருக்கட்டும். கடைத்தெருவைத் தேர்ந்தெடுப்பவர் குறைவாக எழுதியவர் என்று எண்ணிவிட வேண்டாம். எழுதியதை வகுப்பில் உரக்கப் படிப்பது எழுதியவர் விரும்பினால் மட்டுமே நடக்க வேண்டும்.

திருத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘என் அண்ணனைக் கொன்றார்கள்’ என்ற வாக்கியத்தில் வினைச்சொல் பிழையாக இருந்தால், சிவப்பு மையில் அதை மட்டும் வட்டமிட்டுத் திருப்பித் தருவதும் கொடுமை. பரிதாபத்தால் பிழையை அப்படியே விட்டுவிடுவதும் மரியாதை அல்ல, ஏனெனில் அவர் உங்களிடம் வந்திருப்பது ஆங்கிலம் கற்பதற்காக. முதல் வாசிப்பில் எழுதியவருக்கு ஒரு வாசகராகப் பதில் எழுதுங்கள். அடுத்த வாசிப்பில் ஒரே வகைப் பிழையை, காலத்தையோ பன்மையையோ, எடுத்துத் திருத்துங்கள். செய்வினை, செயப்பாட்டுவினை பாடம் இங்கே உயிர் பெறும்: ‘படையினர் ஊரை எரித்தனர்’ என்றும் எழுதலாம், ‘ஊர் எரிக்கப்பட்டது’ என்றும் எழுதலாம். குற்றம் செய்தவரைப் பெயர் சொல்லிச் சுட்ட விரும்புபவருக்கு முதலாவது தேவை. ஊரில் இன்னும் உறவினரை விட்டுவிட்டு வந்தவருக்கு இரண்டாவது தேவைப்படலாம். இரண்டையும் கற்பித்து, தேர்வை அவரிடம் விடுங்கள்.

கேள்வி: நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் அரசுப் பள்ளியொன்றில் பணிபுரிகிறேன். இராக்கிலிருந்து வந்த, யஜீதி என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த மாணவர்களும், அரபு மொழி பேசும் முஸ்லிம் மாணவர்களும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு மாணவி, ‘கடவுள் என்னைக் காப்பாற்றினார், என் அக்காவைக் காப்பாற்றவில்லை’ என்று எழுதியிருந்தாள். அரசுப் பள்ளியில் மத நம்பிக்கையைப் பற்றிப் பேசலாமா? அந்த வரியின் ஓரத்தில் நான் என்ன எழுதுவது?

பதில்: பேசலாம். 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் வழிபாட்டு நோக்கில் பைபிள் வாசிப்பதைத் தடைசெய்தபோதே, மதத்தைக் கல்விப் பொருளாகச் சார்பின்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. ஆசிரியர் எந்த நம்பிக்கையையும் பரப்பவோ பழிக்கவோ கூடாது. மாணவர் தம் நம்பிக்கையைத் தம் கட்டுரையில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

அந்த வரியின் ஓரத்தில் ஆறுதலோ விளக்கமோ எழுதாதீர்கள். ‘கடவுளின் திட்டம் நமக்குத் தெரியாது’ என்று எழுதினால் நீங்கள் ஒரு மதபோதகராகிவிடுகிறீர்கள். அவள் அதைக் கேட்கவில்லை. ‘இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பலமுறை படித்தேன், உன் அக்காவைப் பற்றி இன்னும் எழுத விரும்பினால் படிக்கக் காத்திருக்கிறேன், விரும்பாவிட்டால் இது இப்படியே முழுமையாக இருக்கிறது’ என்று எழுதினால் போதும். இலக்கணப்படி அந்த வாக்கியங்களில் திருத்த ஏதுமில்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். தன் ஆங்கிலத்தின் வலிமை அவளுக்குத் தெரியட்டும்.

2014 ஆகஸ்ட் 3 அன்று இராக்கின் சிஞ்சார் பகுதியில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுத அமைப்பு யஜீதிகள்மீது தாக்குதல் தொடங்கியதை வகுப்பில் பாடமாக வைக்கலாம். ஆனால் யஜீதி மாணவர்களைத் தம் மதத்தின் பேச்சாளர்களாக நிறுத்தாதீர்கள். சாத்தானை வணங்குபவர்கள் என்ற பொய்ப்பழியை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்திருக்கிறார்கள், ஒவ்வொரு கேள்வியும் அவர்களுக்கு மறுபடி ஒரு விசாரணையாகத் தோன்றும். அதே அளவுக்கு, அருகிலிருக்கும் முஸ்லிம் மாணவரை ஐஎஸ் செய்ததற்குப் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளிவிடக் கூடாது. அவருடைய குடும்பமும் அதே அமைப்பிடமிருந்து தப்பி வந்திருக்கலாம். யஜீதிகளின் ஏப்ரல் மாதப் புத்தாண்டு, ரமலான் நோன்பு, வீட்டில் நடக்கும் ஒரு வழிபாடு போன்றவற்றைப் பற்றிய செய்முறைக் கட்டுரைகளை எல்லோரும் முதலில் எழுதட்டும். துன்பத்தின் வழியாக மட்டுமே ஒரு மதத்தை வகுப்புக்கு அறிமுகப்படுத்துவது அந்த மதத்தினருக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவள். இப்போது சிரியர்களுக்கும் எரித்திரியர்களுக்கும் தன்னார்வலராக ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் அனுபவத்தை மாணவர்களிடம் சொல்லலாமா?

பதில்: சுருக்கமாகச் சொல்லலாம், அக்கா. நீங்களும் இரண்டாம் மொழியில் வாழக் கற்றவர் என்பது அவர்களுக்குப் பெரிய பற்றுக்கோடு. ஆனால் உங்கள் இழப்பை முன்னுரையாக வைத்தால், அதற்கு ஈடாகத் தங்களுடையதையும் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணக்கூடும். எனவே குடும்பத் துயரத்தை விடுத்து, யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி மாதிரியாகக் கொடுங்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்ததை நீங்கள் எழுதும் நடைக்கு ஒரு கனம் இருக்கும். அதனுடன், 1992 ஆகஸ்ட் இறுதியில் முற்றுகையின்போது குண்டுவீச்சில் எரிந்து, 2014இல் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்ட, போஸ்னியாவின் சரயேவோ நகரின் தேசிய நூலகத்தைப் பற்றி இன்னொரு பக்கத்தை வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஒப்பீட்டுக் கட்டுரைக்கு இது மிகப் பொருத்தமான பொருள். சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தவர் தம் நகரத்தின் பழைய சந்தையைப் பற்றி மூன்றாவது பத்தியைத் தாமாகவே சேர்க்கக்கூடும்.

கேள்வி: எழுதினால் மனக்காயம் ஆறும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தம் துயர அனுபவங்களை எழுதியவர்கள் பிந்திய மாதங்களில் மருத்துவரிடம் சென்றது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது. மேலும் அவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், போர்முனையிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆகவே எழுத்தை மருந்தென்று சொல்லி வகுப்பில் கொடுக்காதீர்கள். தூக்கமின்மை, திடீர் நடுக்கம், நினைவு தப்புதல் போன்றவற்றைக் கண்டால், பள்ளியின் ஆலோசகரிடமோ, குடியேற்ற உதவி நிறுவனத்திடமோ, மாணவரின் சம்மதத்துடன் சொல்லுங்கள்.

கேள்வி: மாணவர்களின் கட்டுரைகளைத் தொகுத்து மலராக வெளியிட எங்கள் கல்வி மையம் விரும்புகிறது. கவனிக்க வேண்டியவை என்ன? (ஒரு வாசகர், கலிபோர்னியா)

பதில்: எழுதியவர்களில் யாருடைய தஞ்சக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவின் 2005ஆம் ஆண்டு ரியல் ஐடி (REAL ID) சட்டத்தின்படி, கோரிக்கையாளரின் வாக்குமூலங்களுக்கு இடையிலான முரண்பாடு வழக்கின் மையப் பொருளைத் தொடாத சிறிய ஒன்றாக இருந்தாலும், அவருடைய நம்பகத்தன்மையை மறுக்க அதைக் கணக்கில் கொள்ளலாம். ஆப்கானிய நாட்காட்டியில் ஆண்டு மார்ச் மாதத்தில் பிறக்கிறது; எத்தியோப்பிய நாட்காட்டி நம்முடையதைவிட ஏழு எட்டு ஆண்டுகள் பின்தங்கியது. ஆசிரியர் நல்லெண்ணத்தோடு ஒரு தேதியை ‘சரிசெய்து’ அச்சிட்டால், அது விண்ணப்பத்திலுள்ள தேதியோடு மோதலாம். எனவே நடையைத் திருத்துங்கள். தேதி, இடம், எண்ணிக்கை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். வழக்கு நிலுவையில் உள்ளவர் தம் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும்.

ஊரில் இருக்கும் உறவினரின் பாதுகாப்பையும் எண்ணிப் பாருங்கள். புனைபெயர், ஊர்ப்பெயர் நீக்கம், புகைப்படமின்மை ஆகியவற்றை வழக்கமான விதியாக வைத்து, சொந்தப் பெயரில் எழுத விரும்புபவரை விதிவிலக்காக அனுமதியுங்கள். ஏனெனில் தம் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்ற விருப்பமும் மதிக்கத் தக்கதே. ஒப்புதல் படிவம் மாணவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். அச்சகத்துக்குப் போகும் நாள்வரை, காரணம் சொல்லாமலே கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்ற வரி அதில் தெளிவாக இருக்க வேண்டும். இணையத்தில் ஏற்றுவதற்குத் தனியாக இன்னொரு ஒப்புதல் வாங்குங்கள். அச்சிட்ட மலரைப் போலன்றி, இணையத்தில் ஏறியதை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது.