வீச்சு வலைக்கு ஈயமணி வார்ப்பது: வாசகர் கேள்வி–பதில்

கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரத்தில் வீச்சு வலையும் அதன் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயமணியும் பற்றித்தான் கடிதங்கள் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கடையில் வாங்கும் ஈயமணிகள் ஒரே அளவாக இல்லை. 8 அடி வலைக்கு நாமே வார்த்தால் எத்தனை மணி, எவ்வளவு ஈயம் பிடிக்கும்?
— வாசகர், வாடிப்பட்டி

உச்சியிலிருந்து அடிக்கயிறு வரை 8 அடி என்றால், விரித்த வலையின் சுற்றளவு சுமார் 15.3 மீட்டர். 10 செ.மீ.க்கு ஒரு மணி வீதம் 153 மணி. மணியின் நீளம் 25 மில்லி, குறுக்களவு 10 மில்லி, நடுத்துளை 4 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஒன்று 18.7 கிராம் வரும். மொத்தம் 2.9 கிலோ. கசடு, சிந்தல் போக மூன்றரை கிலோ வாங்குங்கள். கெண்டை, ஜிலேபி விழும் கண்மாய்க்கு இது போதும். வைகையில் ஓட்டம் உள்ள இடத்தில் வீசுவதென்றால் இடைவெளியை 8 செ.மீ.யாகக் குறையுங்கள். அப்போது 191 மணி, சுமார் 3.6 கிலோ.

அச்சுக்கு 25 மில்லிக்குச் சற்றே கூடுதல் உயரமுள்ள இரண்டு அலுமினியக் கட்டைகளைச் சேர்த்து இறுக்கி, இரண்டும் சேரும் கோட்டிலேயே லேத் பட்டறையில் 10 மில்லி துளை போடச் சொல்லுங்கள், 25 மில்லி ஆழத்துக்கு. அதன் அடியில் 4 மில்லி துளை ஊடுருவிப் போகட்டும். அதன் வழியாகக் கீழிருந்து 4 மில்லி இரும்புக் கம்பியைச் செருகினால் அதுதான் நடுத்துளையைத் தரும். ஒரு கட்டையில் ஆறு குழி வரிசையாக எடுத்தால் வேலை ஓடும். கம்பியின் மேல் நுனியை அரத்தால் கொஞ்சம் ஒடுக்கிவிட வேண்டும். ஈயம் ஆறும்போது சுருங்கிக் கம்பியைக் கவ்வும். மேல்பரப்பு பளபளப்புப் போய் மங்கிய உடனே கம்பியைக் கீழே உருவிவிட்டால் வந்துவிடும். ஆறவிட்டால் சுத்தியல்தான்.

கடைசியாக ஒரு வேலை உண்டு, பலரும் விட்டுவிடுவது. துளையின் இரு வாயிலும் 8 மில்லி டிரில் பிட்டைக் கையில் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, கூர் விளிம்பை மழுக்குங்கள். மழுக்காத மணி நைலான் கயிற்றை உள்ளிருந்தே அறுக்கும். துருவலை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

வார்த்த மணிகள் சுருக்கம் சுருக்கமாக வருகின்றன. சிலது உள்ளே கூடாக இருக்கிறது. ஈயம் மட்டமா?
— வாசகர், சோழவந்தான்

ஈயத்தின் மேல் பழி போடாதீர்கள். சுருக்கம் வந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் இரண்டு மூன்று வார்ப்பு அப்படித்தான் வரும், அவற்றைத் திரும்பச் சட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். வார்க்குமுன் அச்சைச் சட்டி விளிம்பில் வைத்துச் சூடாக்கி, உட்புறத்தில் மெழுகுவர்த்திப் புகை பிடியுங்கள். அந்தக் கரிப் படலம் ஈயத்தை ஒட்டவிடாது. எண்ணெய் தடவினால் புகைந்து குழிகள் விழும்.

மேனி உறைபனி பூத்தாற்போல் சொரசொரப்பாக இருந்தால் சூடு அதிகம். கூடு விழுவது வேறு காரணத்தால். ஈயம் உறையும்போது கன அளவில் மூன்று சதவீதத்துக்கு மேல் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப மேலே திரவ ஈயம் இருக்க வேண்டும். குழி நிறைந்ததும் கரண்டியை எடுத்துவிடாமல் வாயின்மேல் கொஞ்சம் குவியலாக விட்டுவிடுங்கள், மணி அதிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு அந்தக் குமிழை வெட்டி எடுங்கள்.

சூட்டுக்கு வருவோம். ஈயம் 327 டிகிரியில் உருகும், வார்க்க 360 முதல் 400 வரை சரி. வெப்பமானி இல்லாதவர்கள் மேல்பரப்பைக் கவனித்தால் போதும். கசடு வழித்த உடனே அது பொன்னிறமும் நீலமுமாக மாறினால் தேவைக்கு மேல் காய்ந்துவிட்டது, தீயைத் தணியுங்கள்.

எடை பார்க்க 1 கிராம் காட்டும் சிறிய தராசு போதும், சமையலுக்குப் பயன்படுத்தும் தராசில் ஈயத்தை வைக்க வேண்டாம். ஒரு கிராம் முன்பின் இருந்தால் தள்ள வேண்டாம். ஆனால் கனமான மணிகள் ஒரே பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கம் முந்தி விழும், வலை வட்டமாக விரியாது. கனமும் இலேசும் மாற்றி மாற்றிக் கயிற்றில் கோத்துவிடுங்கள்.

பழைய வலையில் இருந்த ஈயத்தை உருக்கும்போது சட்டியே வெடித்ததுபோல் தெறித்தது. ஏன்?
— வாசகர், மேலூர்

பழைய மணியின் துளைக்குள் சேறும் ஈரமும் அடைந்திருக்கும். உருகிய ஈயத்துக்கு அடியில் அந்த நீர் போய்ச் சேர்ந்தால், அடுத்த நொடியே 1,600 மடங்குக்கும் மேல் விரிந்து ஆவியாகி, மேலிருக்கும் ஈயத்தைத் தூக்கி எறியும். கயிற்றை முழுவதும் அறுத்தெடுத்து, குச்சியால் குத்திக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயப்போடுங்கள். அதன் பிறகும் குளிர்ந்த சட்டியில் போட்டுத்தான் தீ மூட்ட வேண்டும், உருகிக்கொண்டிருக்கும் ஈயத்தில் ஒரு மணியைக்கூடப் போடக் கூடாது. கரண்டியும் அப்படித்தான், ஈரமில்லாமல் சூடாக்கிய பிறகே உள்ளே இறங்கலாம். தூறல் நாளில் திறந்தவெளியில் உருக்கவே வேண்டாம்.

சட்டி இரும்பாக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் தீயில் இளகி அடி விடும். துத்தநாகம் பூசிய வாளி ஈயத்தையே கெடுக்கும். முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு இவை இல்லாமல் அடுப்பருகே நிற்காதீர்கள்.

காயலான் கடையில் வாங்கியது தூய ஈயம்தானா என்று எப்படிப் பார்ப்பது? பழைய கார் பேட்டரியை உடைத்து எடுக்கலாமா?
— வாசகர், திருமங்கலம்

நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், தாளில் தேய்த்தால் சாம்பல் நிறம் ஒட்ட வேண்டும், தரையில் போட்டால் 'தொப்' என்று விழ வேண்டும். 'கிண்' என்று ஒலித்தால் துத்தநாகமாக இருக்கலாம். வீல் பேலன்சிங் கடைத் துண்டுகளில் அது கலந்து வரும். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், ஈயத்தைவிட இலேசானது, எனவே சூட்டை 370க்குள் வைத்தால் உருகாமல் மிதக்கும். இரும்புக் கிளிப்போடு சேர்த்து வழித்து எறியலாம். சூடு கூடிக் கலந்துவிட்டால் ஈயம் கூழ்போல் திரண்டு அச்சில் ஓடாது.

பேட்டரியைத் தொடாதீர்கள். தகட்டில் பெரும்பகுதி ஈய உலோகமே அல்ல, ஆக்சைடும் சல்பேட்டும்தான். கூடவே அமிலம், ஆண்டிமனி, ஆர்செனிக், கால்சியம். அதன் கசடு ஈரப்பட்டால் நச்சு வாயு கிளம்பும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்யப் பதிவு பெற்ற நிறுவனம் வேண்டும். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கு இதே முறையில் குண்டு வார்க்கலாமா? 12 போர் என்பது என்ன கணக்கு?
— வாசகர், நத்தம்

வார்க்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. துப்பாக்கியை வைத்துக்கொள்ளவே உரிமம் தேவை. கணக்கு மட்டும் சொல்கிறோம்: ஒரு பவுண்டு ஈயத்தில் சம எடையுள்ள 12 உருண்டைகள் செய்தால் ஒன்றின் குறுக்களவு சுமார் 18.5 மில்லி. அந்த உருண்டை சரியாகப் பொருந்தும் குழாய் 12 போர். எண் கூடினால் குழாய் சிறுக்கும்.

மிச்ச ஈயத்தைப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படுத்தலாமா? கசடை என்ன செய்வது?
— வாசகி, உசிலம்பட்டி

பூசவே கூடாது. பாத்திரத்துக்குப் பூசுவது 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுவே. வலை ஈயம் காரீயம். புளியும் எலுமிச்சையும் பட்டால் கரைந்து உணவில் இறங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

வீட்டில் ஆபத்து பெரும்பாலும் தூசியில்தான். கசடை வழிக்குமுன் பட்டாணி அளவு மெழுகு போட்டுக் கிளறினால் நல்ல ஈயம் கீழே இறங்கிவிடும். அப்போது பற்றும் தீக்கு முகத்தைக் காட்டாதீர்கள். மேலே நிற்கும் சாம்பல்–மஞ்சள் பொடியை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். தோட்டத்திலோ கண்மாய்க் கரையிலோ கொட்ட வேண்டாம். பதிவு பெற்ற ஈய மறுசுழற்சியாளர் எடுத்துக்கொள்வார். உருக்கிய சட்டி மறுபடி அடுப்படிக்குள் வரக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். தூண்டில் நூலில் சிறு ஈயத்தைப் பல்லால் கடித்து நெரிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அதற்கு ஒரு சிறிய இடுக்கி போதும்.